பாதை யாருடையது?

எங்கள் பெரியம்மாவின் அஸ்தியைக் கரைக்கச் சென்ற மாசி மாதம் கெடாவுக்குப் போயிருந்தேன். பீடோங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து, அதே தோட்டத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் சீவியவர் அவர். தோட்டம் செம்பனைக்கு மாறி, லயன் வீடுகள் இடிக்கப்பட்டதும் சுங்கைப்பட்டாணியில் ஒரு மலிவு விலை வீட்டுக்குக் குடிபோனார். கடைசிக் காலத்தில் அவர் கேட்டது ஒன்றுதான். "என்னை நம்ம ஆத்துலயே கரைச்சிடுங்கப்பா."

அவர் சொன்ன ஆறு, மெர்போக் ஆற்றில் போய்ச் சேரும் ஒரு சிற்றாறு. லயத்திலிருந்து நிரைகளுக்கு நடுவே இருபது நிமிடம் நடந்தால் கரைக்குப் போய்விடலாம். என் தாத்தாவின் அஸ்தியும் பாட்டியின் அஸ்தியும் அங்கேதான் கரைந்தன. தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்குக் கரகம் பாலித்ததும் அந்தக் கரையில்தான்.

இப்போது அந்தப் பாதையின் வாயில் இரும்புக் கேட் நிற்கிறது. காவலாளி எங்களைத் தடுத்தார். அவர் மரியாதையாகத்தான் பேசினார். "கடிதம் இருக்கா?" என்று கேட்டார். இல்லை என்றோம். நிர்வாகத்தின் அனுமதிக் கடிதம் இல்லாமல் உள்ளே விட முடியாது என்றார். மண்கலயத்தைக் கையில் ஏந்திக்கொண்டு நின்ற என் அண்ணனுக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை. வழக்கறிஞனான எனக்கும் தெரியவில்லை.

நாங்கள் அங்கே நின்றுகொண்டிருந்தபோதே இரண்டு வேன்கள் வந்தன. ஒரே நிறச் சட்டையும் முதுகுப்பையும் அணிந்த மலையேறிகள் இறங்கினார்கள். அவர்களிடம் கடிதம் இருந்தது. கேட் திறந்தது. அவர்கள் உள்ளே போனார்கள். நாங்கள் தஞ்சோங் டாவாய்க்குக் காரை ஓட்டிப்போய், படகுத்துறை ஓரத்தில் பெரியம்மாவைக் கரைத்துவிட்டு வந்தோம்.

அந்த மலையேறிகள் மீது எனக்குக் கோபமில்லை. இயற்கையை நடந்து பார்க்க வருகிறவர்கள் நல்லவர்கள். அவர்கள் செய்த ஒன்றை நாம் செய்யவில்லை. அவர்கள் எழுதிக் கேட்டார்கள். அந்தப் பாதை நமக்கே உரியது என்று நம்பிக்கொண்டிருந்த நாம் யாரிடமும் எதையும் எழுதிக் கேட்டதில்லை. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

கால்கள் போட்ட வழி

கெடாவின் தெற்குப் பகுதியை அறிந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். குரூண், பீடோங், செமிலிங், மெர்போக், சுங்கைப்பட்டாணி என்று நீளும் ஊர்களுக்கு நடுவே குனோங் ஜெராய் நிற்கிறது. உயரம் 1,217 மீட்டர். மலையின் மேற்கே யான் கடற்கரை. தெற்கே மெர்போக் ஆற்றின் கழிமுகமும் அதைச் சுற்றிய அலையாத்திக் காடும். மலைக்கும் ஆற்றுக்கும் இடைப்பட்ட நிலத்தில்தான் பழைய ரப்பர் தோட்டங்கள் இருந்தன. அந்தத் தோட்டங்களில்தான் நம் முன்னோர்கள் இருந்தார்கள்.

தோட்டத்தில் துரை போட்ட சாலை ஒன்று உண்டு. பெரட்டுக் களத்திலிருந்து பால் ஸ்டோருக்கும், ஸ்டோரிலிருந்து பெரிய சாலைக்கும் போகும் வழி அது. அது தோட்ட வரைபடத்தில் இருக்கும். நம்மவர்களின் கால்கள் போட்ட பாதைகள் வேறு. லயத்திலிருந்து ஆற்றுக்கு ஒன்று. ஆற்றிலிருந்து அடுத்த தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிக்கு ஒன்று. காட்டோரத்து முனியாண்டிக்கு ஒன்று. சுடுகாட்டுக்கு ஒன்று. மீன் வாங்க மலாய்க்காரர் கம்பத்துக்கு ஒன்று. இவை எந்த வரைபடத்திலும் இல்லை. ஆனால் தோட்ட வாழ்க்கையில் வேலை நேரம் போக மிச்சமிருந்த வாழ்க்கை முழுவதும் இந்தப் பாதைகளில்தான் நடந்தது.

சங்கம் வளர்ந்ததும் இப்படிப்பட்ட பாதைகளில்தான். 1947ஆம் ஆண்டு பீடோங் ஹார்வார்டு தோட்டத்தை மையமாகக் கொண்டு ஏ.எம். சாமி தலைமையில் தொண்டர் படை எழுந்தது. கள்ளுக்கடைகளுக்கு எதிராகத் தோட்டம் தோட்டமாகப் பிரச்சாரம் பரவியது. அன்று தோட்டத் தொழிலாளியிடம் கார் இருந்ததா? தொலைபேசி இருந்ததா? ஒரு தோட்டத்து லயத்தையும் இன்னொரு தோட்டத்து லயத்தையும் இணைத்தது ஒற்றையடிப் பாதைதான்!

தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது வீட்டுக்காகப் போராடினோம். கோயிலுக்காகப் போராடினோம். தமிழ்ப்பள்ளிக்காகவும் சுடுகாட்டுக்காகவும் போராடினோம். இவை அனைத்தும் சரியே. ஆனால் இவற்றுக்குப் போகும் வழியைப் பற்றி நாம் பேசவே இல்லை. கோயிலைக் காப்பாற்றிய பிறகு, கோயிலுக்கு நடந்து போக வழியில்லாமல் நிற்கும் ஊர்கள் உண்டு. கோயில் இருக்கிறது, கேட்டும் இருக்கிறது, சாவி நம்மிடம் இல்லை!

பாதை மூடினால் வரலாறும் மூடும்

மற்ற மாநிலங்களைவிடக் கெடாவில் இந்த விஷயம் ஏன் முக்கியம்? அந்தப் பாதைகளின் அடியில் கடாரம் கிடக்கிறது.

பட்டினப்பாலையில் வரும் காழகம் கடாரம்தான் என்று நச்சினார்க்கினியர் உரை சொல்கிறது. கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரை கட்ட முனைந்ததையும், ராஜராஜ சோழன் அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடுத்ததையும் லெய்டன் செப்பேடுகள் சொல்கின்றன. அவன் மகன் ராஜேந்திரன் 1025ஆம் ஆண்டு வாக்கில் கடாரத்தின் மீது படையெடுத்தான். நட்பும் வணிகமும் போரும் கலந்த உறவு அது. வங்காள விரிகுடாவைக் கடந்து வந்த மாலுமிகளுக்குத் தொலைவிலிருந்தே தெரிந்த அடையாளம் ஜெராய் மலை. அதன் அடிவாரத்தில் மெர்போக் கழிமுகம் துறைமுகமாக இருந்தது. கடல் அப்போது இன்றைவிட உள்ளே தள்ளி இருந்தது என்பது ஆய்வாளர்கள் கருத்து.

இந்தப் பள்ளத்தாக்கைத்தான் பூஜாங் பள்ளத்தாக்கு என்கிறோம். 1936-37இல் குவாரிட்ச் வேல்ஸ் என்ற ஆங்கிலேயரும் அவர் மனைவி டோரத்தியும் இங்கே அகழாய்வு நடத்தி, சண்டி எனப்படும் பழங்கோயில்களின் அடித்தளங்களுக்கு வரிசை எண் இட்டார்கள். எட்டாம் எண் தலமான புக்கிட் பத்து பஹாட் சண்டியை 1960இல் அலாஸ்டர் லாம்ப் மீட்டமைத்தார். இன்று மெர்போக் அருங்காட்சியகத்துக்குப் போனால், ஓடையோரம் அந்தக் கோயிலைப் பார்க்கலாம். அருகில் நிற்கும் மற்ற சில சண்டிகள் வேறு இடங்களிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து அமைக்கப்பட்டவை. தான் பிறந்த மண்ணிலேயே நிற்பது புக்கிட் பத்து பஹாட்தான்.

பதினோராம் எண் தலத்தின் கதை உங்களுக்கு நினைவிருக்கும். சுங்கை பத்து தோட்டத்து நிலத்தில் இருந்த அந்தச் சண்டி, வீடமைப்புத் திட்டத்துக்காக நிலத்தைச் சமன்செய்தபோது இடிக்கப்பட்டது. 2013ஆம் ஆண்டு இறுதியில்தான் அது வெளியே தெரிந்தது. பூஜாங் பள்ளத்தாக்கைப் பற்றி நூல் எழுதிய டத்தோ வீ. நடராஜன் போன்றவர்கள் குரல் எழுப்பினார்கள். நாடே பேசியது. அதிகாரிகள் தந்த விளக்கத்தின் சாரம் இதுதான்: நிலம் தனியாருடையது, அந்த இடம் பாரம்பரியத் தலமாக அரசிதழில் பதிவாகவில்லை.

இந்தப் பதிலை நாம் திட்டித் தீர்த்தோம். இன்னொரு கேள்வியை நாம் கேட்டிருக்க வேண்டும். ஒரு பழங்கோயில் இடிக்கப்பட்ட செய்தி இடிக்கப்பட்ட அன்றே ஏன் வெளியே வரவில்லை? அந்த வழியாக நடக்க ஆள் இல்லை! தோட்டத்தில் ஆள் இருந்த காலத்தில் ஒரு புளியமரத்தை வெட்டினாலும் அன்று மாலையே லயம் முழுக்கத் தெரிந்துவிடும். ஆள் போனார்கள், பாதை மூடியது, பார்க்கும் கண்கள் இல்லாமல் போயின. அதன் பிறகுதான் இயந்திரம் உள்ளே வந்தது.

என் சிறுவயது நினைவு ஒன்று. எங்கள் தோட்டத்து ஆற்றுப் பாதையில் ஒரு பெரிய மரத்தடியில் பழைய செங்கற்களை அடுக்கி முனியாண்டி என்று கும்பிட்டு வந்தோம். தட்டையான, அகலமான செங்கற்கள். கடையில் வாங்கும் செங்கல் மாதிரி இருக்காது. அவை ஏதோ சண்டியின் கற்களா, பழைய புகைக்கூண்டு இடிந்து விழுந்த கற்களா என்று இன்று யாராலும் சொல்ல முடியாது. மரமும் இல்லை, கல்லும் இல்லை. போய்ப் பார்க்கலாம் என்றால் பாதையும் இல்லை.

மண்ணுக்கடியில் இன்னும் எவ்வளவோ இருக்கிறது. 2009 முதல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தினர் சுங்கை பத்துவில் தோண்டி, இரும்பு உருக்கிய இடங்களையும் படகுத்துறைகளையும் வெளிக்கொண்டு வந்தார்கள். மலையின் வடபுறம் யான் வட்டாரத்து புக்கிட் சோராசில் அண்மைய ஆண்டுகளில் பௌத்தக் கட்டடமும் புத்தர் சிலைகளும் கிடைத்தன. இந்து, பௌத்தம், இஸ்லாம் என்று எல்லாக் காலமும் அந்த மண்ணில் படிந்திருக்கிறது. அது தமிழனுக்கு மட்டும் சொந்தம் என்று நான் சொல்லமாட்டேன். அங்கே நடந்து போய்ப் பார்க்கும் உரிமை தமிழனுக்கும் உண்டு என்பதுதான் என் வாதம்.

சட்டம் என்ன சொல்கிறது?

"அறுபது வருஷம் நடந்த பாதைங்க சார். உரிமை கிடையாதா?" என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். சட்டம் படித்தவன் என்ற முறையில் கசப்பான பதிலைச் சொல்லியாக வேண்டும். கிடையாது.

நம் நாட்டின் 1965ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டம் பதிவை அடிப்படையாகக் கொண்டது. கிராந்தில் இருப்பதுதான் உரிமை. எத்தனை ஆண்டு குடியிருந்தாலும் அடுத்தவர் நிலம் நமக்குச் சொந்தமாகாது. எத்தனை ஆண்டு நடந்தாலும், நடந்த காரணத்தால் மட்டும் வழியுரிமை பிறக்காது. இதனால்தான் நீதிமன்றத்தில் நம் கண்ணீருக்கு மதிப்பில்லாமல் போகிறது.

ஆனால் அதே சட்டத்தில் இன்னொரு கதவு இருக்கிறது. 28ஆம் பகுதியைப் படித்துப் பாருங்கள். கடற்கரை, ஆறு, பொதுச் சாலை போன்ற இடங்களுக்குப் பொதுமக்கள் போய்ச் சேர, தனியார் நிலத்தின் ஊடாகவும் பொது வழியை உருவாக்க நில நிர்வாகிக்கு அதிகாரம் உண்டு. விசாரணை நடக்க வேண்டும், ஆணை பிறக்க வேண்டும், அது பதிவாக வேண்டும். பதிவான பிறகு நிலம் யார் கைக்கு மாறினாலும் வழி இருக்கும். 62ஆம் பிரிவின்கீழ் அரசு நிலத்தைப் பொதுப் பயனுக்காக ஒதுக்கி வைக்கவும் மாநில அரசால் முடியும்.

கவனியுங்கள். கடற்கரை, ஆறு. நம் பாட்டிமார்கள் கரகம் சுமந்து போன இடங்கள்! சட்டம் நம்மை முழுதாக மறந்துவிடவில்லை. நாம்தான் அந்தப் பக்கத்தைப் புரட்டவில்லை.

நமக்கு இந்தத் தோட்டங்களைக் கொடுத்த வெள்ளைக்காரன் தன் ஊரில் என்ன செய்தான் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். இங்கிலாந்தில் பொதுமக்கள் இருபது ஆண்டுகள் தடையின்றி, உரிமையோடு நடந்த வழி பொதுப் பாதையாகக் கருதப்படும். 1980ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டம் இதைச் சொல்கிறது. இந்த உரிமைகள் சும்மா வந்தவை அல்ல. 1932 ஏப்ரல் 24ஆம் நாள் மான்செஸ்டர் வட்டாரத்து ஆலைத் தொழிலாளர்கள் நூற்றுக்கணக்கில் திரண்டு, பிரபுக்கள் வேட்டைக்காக அடைத்து வைத்திருந்த கிண்டர் ஸ்கவுட் மலைமேட்டில் தடையை மீறி ஏறினார்கள். ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். 1949இல் தேசியப் பூங்காச் சட்டம் வந்தது. 2000இல் மலைமேடுகளிலும் தரிசுகளிலும் நடக்கும் உரிமைச் சட்டம் வந்தது. 2009இல் இங்கிலாந்தின் கரையோரம் முழுவதும் நடைபாதை அமைக்கச் சட்டம் வந்தது. அங்கே மணல்மேடுகளும் பாதுகாக்கப்படுகின்றன, அவற்றின் ஊடே மக்களும் நடக்கிறார்கள்.

தோட்ட முதலாளிகளில் பலர் வந்த நாடு அது. அத்துமீறல் சட்டம் கப்பலேறி இங்கே வந்தது. நடக்கும் உரிமை மட்டும் அங்கேயே தங்கிவிட்டது!

மறுதரப்பு வாதம்

நிர்வாகங்கள் சொல்வதையும் நேர்மையாகக் கேட்க வேண்டும். செம்பனைக் குலைகள் திருடு போகின்றன. வெளியார் உள்ளே வந்து பாம்பு கடித்தாலோ மட்டை விழுந்து அடிபட்டாலோ பொறுப்பு யாருடையது என்ற அச்சம் உண்டு. இவை பொய்யல்ல. ஆனால் திருடன் லாரியில் வருகிறான், அஸ்திக் கலயத்தோடு வருவதில்லை. இரவில் கேட்டைப் பூட்டுங்கள். பகலில் நடைபாதைக்கு மட்டும் ஒரு சிறு வாயில் விடுங்கள். மோட்டார் சைக்கிள் நுழைய முடியாத அகலம் போதும்.

இயற்கை ஆர்வலர்களின் கவலையும் நியாயமானது. நிரந்தரக் காப்புக் காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவது 1984ஆம் ஆண்டு தேசிய வனச் சட்டப்படி குற்றமாகலாம். அந்தக் கட்டுப்பாடு தேவைதான். 2021 ஆகஸ்ட் 18ஆம் நாள் ஜெராய் மலையிலிருந்து மரங்களோடும் பாறைகளோடும் பாய்ந்து வந்த வெள்ளம் யான் வட்டாரத்தில் உயிர்களைப் பறித்தது. மலையை மதிக்க வேண்டும். 2004 டிசம்பர் 26ஆம் நாள் கோத்தா கோலமூடா கடற்கரையில் சுனாமி அடித்ததையும் மறக்க முடியாது. அலையாத்திக் காடு கரைக்கு அரண் என்பதை அந்த நாள் பலருக்குக் கற்றுக்கொடுத்தது. காட்டை அழித்துப் பாதை கேட்கவில்லை. இருந்த பாதையை, காலால் நடக்கும் அளவுக்கு மட்டும் கேட்கிறோம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஜெராய் வட்டாரம் இன்று ஜியோபார்க் என்று விளம்பரப்படுத்தப்படுகிறது. வார இறுதியில் மலைப்படிகளில் கூட்டம் அலைமோதுகிறது. வழிகாட்டிகள், தங்குமிடங்கள், உணவுக் கடைகள் என்று ஒரு வருமானம் உருவாகியிருக்கிறது. அதில் நம் பிள்ளைகள் எத்தனை பேர்? அந்த நிலத்தின் ஒவ்வொரு ஓடையையும் பெயர் சொல்லி அழைத்த தோட்டத்து மக்களின் பேரப்பிள்ளைகள் சுங்கைப்பட்டாணித் தொழிற்சாலைகளில் இரவு வேலை செய்கிறார்கள். பாதையோடு போனது வழிபாடு மட்டுமில்லை, பிழைப்பும்தான்.

என்ன செய்யலாம்?

மனு கொடுப்பது, மறியல் செய்வது எல்லாம் நமக்குப் பழக்கம். இந்த விஷயத்தில் அதற்கு முன்னால் செய்ய வேண்டியது வேறு. நடக்க வேண்டும். நடந்து எழுத வேண்டும்.

ஒன்று. தோட்டத்தில் வாழ்ந்த பெரியவர்கள் உயிரோடு இருக்கும்போதே அவர்களை உட்கார வைத்துக் கேளுங்கள். எந்தப் பாதை எங்கே போனது? எந்த ஆண்டு வரை நடந்தீர்கள்? யார் மூடினார்கள்? கேட்டதை எழுதி, சத்தியப் பிரமாணமாக ஆணையர் முன் கையெழுத்திட வையுங்கள். அறுபது ஆண்டு நடந்ததால் உரிமை பிறக்காது என்றேன். ஆனால் வழி தேவை என்று விசாரணையில் காட்ட அந்த அறுபது ஆண்டுகள் சான்றாகும்.

இரண்டு. அனுமதி பெற்று அந்தப் பாதைகளில் நடந்து, கைத்தொலைபேசியிலேயே வழியைப் பதிவு செய்யுங்கள். தோட்டத்துப் பழைய மாணவர் சங்கங்களும் கோயில் நிர்வாகங்களும் ஆண்டுக்கு ஒரு நாள் இதற்கு ஒதுக்கினால் போதும். மலையேறும் குழுக்களோடு கைகோருங்கள். அவர்களுக்கு வரைபடம் தெரியும், நமக்குக் கதை தெரியும். பக்கத்துக் கம்பத்து மலாய் மீனவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்களும் அதே கேட்டின் வெளியே நிற்கிறார்கள்.

மூன்று. ஆறு, கடற்கரை, கோயில், சுடுகாடு ஆகியவற்றுக்குப் போகும் பாதைகளைப் பட்டியலிட்டு, 28ஆம் பகுதியின்கீழ் பொது வழி கோரி மாவட்ட நில அலுவலகத்தில் மனுச் செய்யுங்கள். மனுவில் உணர்ச்சி வேண்டாம். லாட் எண், பாதை நீளம், போய்ச் சேரும் இடம், சாட்சிகள். இவை போதும். இதற்கு உதவத் தயாராக இருக்கும் இளம் வழக்கறிஞர்கள் நம்மிடையே இருக்கிறார்கள்.

நான்கு. தோட்ட நிலம் வீடமைப்புக்கு மாறும்போதெல்லாம் நிலத்தின் வகை மாற்றத்துக்கு மாநில அரசின் ஒப்புதல் தேவைப்படுகிறது. ஒப்புதல் நிபந்தனைகளில் பழைய நடைபாதையையும் சேர்க்கும்படி சட்டமன்ற உறுப்பினரை வற்புறுத்துங்கள். வீடுகள் கட்டி முடிந்த பிறகு கேட்டால் பயனில்லை.

ஐந்து. பூஜாங் பள்ளத்தாக்கில் பதிவாகாமல் கிடக்கும் தலங்களை 2005ஆம் ஆண்டு தேசிய பாரம்பரியச் சட்டத்தின்கீழ் அறிவிக்க மாநில அரசும் மத்திய அரசும் சேர்ந்து செயல்பட வேண்டும். அறிவித்தால் மட்டும் போதாது. அந்த இடத்துக்கு நடந்து போகும் வழியையும் சேர்த்து அறிவிக்க வேண்டும். போக முடியாத தலம் இருந்தும் இல்லாததுதான்.

கடைசியாக

பெரியம்மாவின் காரியம் முடிந்த பிறகு நானும் ஒரு கடிதம் எழுதினேன். வழக்கறிஞர் தாளில் அல்ல, சாதாரண வெள்ளைத் தாளில். இன்ன தோட்டத்தில் இன்ன ஆண்டு முதல் வேலை செய்த இன்னாரின் மகன், தெவசத்துக்கு ஆற்றங்கரைக்குப் போக அனுமதி வேண்டும் என்று எழுதினேன். மூன்று வாரத்தில் பதில் வந்தது. ஒரு நாளைக்கு, காலை எட்டு மணி முதல் பத்து மணி வரை, ஐந்து பேர்.

அந்தக் கடிதத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். நன்றிக்காக இல்லை. அந்தப் பாதை இருக்கிறது என்று நிர்வாகமே கையெழுத்திட்டு ஒப்புக்கொண்ட முதல் தாள் அது! நில அலுவலகத்துக்கு நான் தயாரிக்கும் மனுவில் அதுதான் முதல் சான்று.

உங்கள் தோட்டத்துப் பாதைக்கு உங்களிடம் என்ன சான்று இருக்கிறது, தோழர்களே? இல்லையென்றால் இந்த வாரமே உங்கள் வீட்டுப் பெரியவர் பக்கத்தில் ஒரு தாளோடு உட்காருங்கள். அவர் சொல்லச் சொல்ல எழுதுங்கள். அவருக்குப் பிறகு அந்தப் பாதையைச் சொல்ல ஆளிருக்காது.